மான் கொம்பில் என் வலை

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்து எனக்கு நடக்கும், ஓடாது. ஆகையால் இதை வாசிக்கிறவர்களும் கொஞ்சம் மெதுவாகத்தான் என்னோடு வரவேண்டும்.

எங்கள் வீடு திருகோணமலையில், கோட்டை வாசலுக்குப் போகும் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒடுங்கின ஒழுங்கையில் இருக்கிறது. என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. நான் அதை என் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பெண் புகுந்த வீடு என்று எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். என் மருமகன் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வந்தார், பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு.

மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது அதற்கு ஒரு முறை உண்டு. நேருக்கு நேர் கதைப்பதில்லை. பகை ஒன்றுமில்லை, மரியாதை. என் தாய் என் புருஷனோடு ஒரு நாளும் நேரே கதைத்ததை நான் கேட்டதில்லை. அவர் துறைமுகத்து வேலை முடிந்து வந்தால் என் தாய் குசினிக்குள் நின்று சட்டியில் அகப்பையால் தட்டுவா. சோறு ஆயத்தம் என்று அவருக்கு விளங்கும். இப்போது தாயும் இல்லை, அவரும் இல்லை; என் வீட்டில் நடுவில் நிற்பவள் மகள். மூவரும் ஒரே மேசையில் இருந்தாலும் கதை அவள் வழியாகத்தான் போகும்.

"மாமியிட்டச் சொல்லும், மீன் நல்லா இருக்கெண்டு."

"அவரிட்டச் சொல்லு, பாரைமீன் எண்டா நல்லாத்தான் இருக்கும், அதில ஆச்சரியப்பட ஒண்டுமில்லை எண்டு."

"நான் மனுசியா, தபால்கந்தோரா?" என்பாள் மகள். ஆனாலும் சொல்லுவாள்.

மருமகனின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊர் சுற்றிக் காட்டுகிறவர். ஆரம்பத்தில் ஓட்டோதான் ஓடினார், ஆனால் அந்தத் தொழிலுக்கு ஏற்ற மனிதர் அல்ல. பஸ் பிடிக்க அவசரமாகப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, வழியில் மரத்தில் வௌவால் தொங்குவதைக் காட்ட ஓட்டோவை நிறுத்துவார். பழைய கட்டடத்து ஓட்டையில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது என்று இறங்கிப்போய்ப் பார்ப்பார். ஏறினவர்கள் ஏசுவார்கள். அப்படி ஒரு நாள் ஏறின ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் ஏசாமல் தானும் இறங்கி, ஆந்தையைப் பார்த்துவிட்டு, "வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாராம். அன்றைக்கு முழுக்க இவர் வீட்டுக்கு வரவில்லை. கோட்டை வாசலில் கல்லில் வெட்டியிருக்கிற எழுத்து, ஒல்லாந்தர் சவக்காலையில் சாய்ந்து கிடக்கிற கல்லறைக் கல்லுகள், மலையடியில் குரங்குகள், உள்துறைமுகத்தில் மீனைத் தூக்கிப்போகிற கழுகு என்று எல்லாவற்றையும் அந்தக் கிழவருக்குக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

எல்லாவற்றிலும் மேலாக அவருக்கு மான். எங்கள் பட்டினத்தில் புள்ளிமான்கள் நாய் பூனை மாதிரித் தெருவில் திரியும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எங்களுக்கு அது குப்பை கிளறுகிற சாதி. சந்தைப் பக்கம் போய் வாழையிலையும் கடதாசியும் தின்னும், மத்தியானத்தில் கோட்டை ஆலமரங்களின் கீழ் படுத்துக்கொண்டு அசை போடும். பஸ்ஸில் வருகிற யாத்திரைக்காரர் பிஸ்கட் கொடுப்பார்கள். மருமகன் ஓடிப்போய்த் தடுப்பார். "குடுக்காதேங்கோ, பையோட சேத்து விழுங்கிச் செத்துப்போகும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் சொல்லுவார். சிலர் கேட்பார்கள். சிலர் அவரையும் ஒரு மானைப் பார்க்கிறது போலப் பார்ப்பார்கள்.

மான்களிலும் ஒரு ஆண்மான் மேல் அவருக்குத் தனிப் பற்று. ஒரு பக்கக் காது கிழிந்தது, நாய் கடித்ததாக இருக்க வேண்டும். நாங்கள் காதறுந்தான் என்போம். நல்ல உயரம், கொம்பு இரண்டும் மரக்கிளை மாதிரி விரிந்து நிற்கும். தன்னோடு வருகிறவர்களை விடியலில் கூட்டிக்கொண்டுபோய் அதைத்தான் முதலில் காட்டுவார். அது தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டால் அவருக்கு அன்றைய நாள் நல்ல நாள். மகள் சொல்லுவாள், "என்னைப் பெண் பாக்க வரேக்கை கூட இப்பிடிப் பாக்கேல்லை" என்று.

அந்தக் காதறுந்தானுக்கும் எனக்கும் ஒத்து வராது.

என்னிடம் செவ்வரத்தை இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்து வளர்த்தது, அடுக்குப் பூ. ஒழுங்கை முகப்பில் இருக்கிற பிள்ளையாருக்கு என் வளவுப் பூ போகாத காலை இல்லை. ஐயர், "உங்கட பூ வந்தாத்தான் எனக்குப் பூசை தொடங்கும்" என்பார். அதை நான் பெருமையாகத்தான் சொல்லுகிறேன். காதறுந்தான் மதிலில்லாத பக்கத்தால் வந்து, மொட்டும் பூவும் தளிருமாக மேய்ந்துவிட்டுப் போகும். நான் விடிய எழும்பி விளக்குமாறும் கையுமாக நிற்பேன். "வந்திட்டியா, மூதேசி? உனக்கு வேற வீடு இல்லையா? உன்ர அப்பன் நட்டு வச்ச பூவா?" என்று ஏசுவேன். அது ஓடாது. கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்கும். ஏசி முடித்துவிட்டு, பூவை விட்டுப் போகட்டும் என்று, மரக்கறித் தோலை வாசல் படலைக்கு வெளியே வீசுவேன். தின்றுவிட்டுப் போகும். இது தினம் நடந்தது.

"மாமியிட்டச் சொல்லும், தோல் போடவேண்டாம், பேந்து விட்டுப் போகாது எண்டு."

"அவரிட்டச் சொல்லு, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுறவர் தன்ர மானுக்கும் கொஞ்சம் சொல்லலாம் எண்டு."

கடைசியில் நான் வலை கட்டினேன். கடற்கரையில் தோணி வைத்திருக்கிற மனுசனிடம் பழைய பச்சை நைலோன் வலை ஒன்று கேட்டேன். "ஆச்சி, உது மீனுக்கே உதவாது, மானுக்கு உதவுமோ தெரியாது" என்று சிரித்துக்கொண்டு தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டான். எங்கள் ஒழுங்கையில் கத்தரி, கீரை வைத்திருக்கிற எல்லாரும் வலைதான் கட்டுகிறார்கள். நானும் தடி ஊன்றிக் கட்டினேன்.

மருமகன் பார்த்தார். சாப்பிடும்போது மகளிடம் சொன்னார், "வலை தொய்ஞ்சு கிடந்தா கொம்பில மாட்டும். மாட்டினா அது வெருண்டு ஓடியே செத்துப்போகும். இறுக்கிக் கட்டினா பரவாயில்லை எண்டு மாமியிட்டச் சொல்லும்." நான் இறுக்கித்தான் கட்டியிருந்தேன். அப்படியே சொல்லச் சொன்னேன். கதை அதோடு முடிந்தது.

பிறகு மகள் மட்டக்களப்புக்குப் போனாள். பாலர் பள்ளி ஆசிரியை அவள். அங்கே ஏதோ பயிற்சி, இரண்டு கிழமைக்கு மேல் நிற்க வேண்டும். பேரன் யாழ்ப்பாணத்தில் படிக்கிறான். வீட்டில் நானும் மருமகனும் பூனையும்.

போகும்போது மகள் கேட்டாள், "நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்யப் போறியள்?"

"சீவிக்கத்தான் போறம்," என்றேன்.

முதல் நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு வழி பிறந்தது. மருமகன் விறாந்தையில் வந்து நின்று, "இஞ்ச ஆரும் பிளேன்ரீ போட்டா எனக்கும் ஒண்டு குடிக்கலாம்" என்று பூனையிடம் சொல்லுவார். நான் தேத்தண்ணி போட்டு மேசையில் வைத்துவிட்டு, "மேசையில கிடக்கு, ஆறப்போகுது" என்று பூனையிடம் சொல்லுவேன். அவர் ஒரு தரம் செருமுவார். கேட்டது என்று அர்த்தம். பூனை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கு மீன் தலை கூடுதலாகக் கிடைத்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் பூ ஆயக் கை எட்டாமல், நான் வலையின் ஒரு பக்கத்தைத் தடியிலிருந்து கழற்றினேன். திரும்பக் கட்ட ஏலவில்லை. தோள் மூட்டில் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது கூடின நாளில் கை மேலே போகாது. மருமகன் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார். நான் குசினி வாசலில் நின்று பூனையிடம் சொன்னேன்.

"வலை ஒரு பக்கம் கழண்டு கிடக்கு. எனக்குக் கை எட்டாது. குளிச்சிட்டு வாறவை கட்டிவிட்டா நல்லம்."

கிணற்றடியில் அவர் செருமினார். சரி, கேட்டுவிட்டது என்று நான் விளக்கு வைக்கப் போய்விட்டேன்.

அவருக்குக் கேட்கவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறித்தான் செருமியிருக்கிறார்.

விடிய நான் எழும்பி வந்து பார்க்கும்போது தடிகள் சரிந்து கிடந்தன. வலை இல்லை. மண்ணில் இழுபட்ட தடம் ஒழுங்கை வரைக்கும் போயிருந்தது. செவ்வரத்தையில் ஒரு பூக்கூடக் குறையவில்லை. அதைப் பார்த்தபோதுதான், பூவைத் தொடுமுன்னமே அது வலையில் மாட்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

மருமகன் அப்போது கோட்டைப் பக்கம் நின்றார். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். காதறுந்தானைக் காட்டப்போன இடத்தில் அதன் தலையே தெரியவில்லையாம். கொம்பு, கண், வாய் எல்லாம் பச்சை வலை. பின்னால் கயிறு பாம்பு மாதிரி இழுபட்டுக்கொண்டு வர, அது கரையில் கிடந்த படகுகளுக்கு நடுவே பாய்ந்து ஓடியிருக்கிறது. சனம் கூடிக் கத்த, அது இன்னும் ஓட, இவர் கையைக் காலைப் பிடித்துச் சனத்தைக் கலைத்திருக்கிறார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். சரிந்த தடிகளைப் பார்த்தார். விறாந்தைக் கதிரையில் இருந்தார். பூனை காலடியில் வந்து உரசியது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

அவர் தொலைபேசியில் கதைத்தது எனக்குக் குசினிக்குள் கேட்டது. மான் யானை பார்க்கிற உத்தியோகத்தரோடு கதைத்தார். அவர்கள் வெருகல் பக்கம் வயலுக்குள் இறங்கின யானைக்குப் பின்னால் போயிருக்கிறார்களாம். அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் வர ஏலாது. துரத்தவேண்டாம், துரத்தினால் நெஞ்சு வெடித்துப்போகும் என்றார்களாம். "வாய் கட்டுப்பட்டுக் கிடக்கு சேர்," என்று மருமகன் சொன்னார். "தண்ணி குடிக்கேலாது. இந்த வெயிலுக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்காது." அதற்குப் பிறகு வெளியே போனவர், பொழுது பட்ட பிறகுதான் வந்தார். நான் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

அன்று நான் சொல்ல நினைத்தது எவ்வளவோ. நான் கட்டச் சொன்னேன், நீங்கள் செருமினீர்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பூனையைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. பூனையிடம் சொல்லுகிற கதை அல்ல அது.

அடுத்த நாள் வெளிச்சம் வருமுன் எழும்பினேன். பழக்கத்தில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன். படலைக்கு வெளியே, நான் தோல் போடுகிற அதே இடத்தில், காதறுந்தான் நின்றது. தலை தொங்கிப்போயிருந்தது. வலைக்குள்ளால் ஒரு கண் மட்டும் தெரிந்தது. விலா இரண்டும் துருத்தி மாதிரி அடித்தது. தோலுக்குத்தான் வந்திருக்கிறது, தின்ன வாய் இல்லாமல்.

எனக்கு முன்னால் மான். பின்னால் அறைக்குள் மருமகன். நடுவில் மகள் இல்லை. பூனையையும் காணவில்லை.

"மருமகன்," என்று கூப்பிட்டேன். "எழும்பி வாங்கோ."

அவர் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்? அங்க பாருங்கோ."

பார்த்தார். குரலை இறக்கிச் சொன்னார், "மாமி, அசையாதேங்கோ. ஒவ்வொரு நாளும் ஏசுறது போல ஏசுங்கோ. நிப்பாட்டக் கூடாது."

"என்னெண்டு ஏச?"

"உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமே?"

ஏசினேன். "வந்திட்டியா, மூதேசி," என்று தொடங்கினேன். பூவைத் தின்றதற்கு ஏசினேன், கீரையைத் தின்றதற்கு ஏசினேன். அது கிழிந்த காதை வலைக்குள் ஆட்டியது. மருமகன் பின்பக்கத்தால் சுற்றி, பழைய மதிலோடு ஒட்டி ஒட்டி வந்தார்.

எங்கள் வளவின் ஒரு பக்கம் அந்த மதில். சுண்ணாம்பும் கடலில் எடுத்த முருகைக்கல்லும் வைத்துக் கட்டியது, ஆர் காலத்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒழுங்கை முகத்தில் அதில் ஒரு இரும்பு வளையம் பதித்திருக்கிறது. மருமகன் தன்னோடு வருகிறவர்களைக் கூட்டிவந்து அந்த வளையத்தைத் தொடச் சொல்லுவார். குதிரை கட்டினதாக இருக்கலாம், தோணி கட்டினதாகவும் இருக்கலாம் என்பார். நான் அதில் சேலை காயவிடக் கொடி கட்டியிருந்தேன். அதற்காகவும் எங்களுக்குள் மகள் வழியாக ஒரு வழக்கு நடந்தது உண்டு.

அவர் குனிந்து, தரையில் கிடந்த வலைக்கயிற்றின் நுனியை எடுத்து, அந்த வளையத்துக்குள் விட்டுச் சுற்றினார். மான் உணர்ந்துவிட்டது. ஒரே பாய்ச்சல். கயிறு விறைத்து, அது முழங்காலில் விழுந்து, கால் நாலும் மண்ணை அடித்தது.

"மாமி, சேலை, சேலையைத் தாங்கோ."

கொடியில் என் காவி நிறச் சேலை கிடந்தது, பண்டிகைக்குக் கட்டுகிறது. இழுத்து எறிந்தேன். அவர் அதை அதன் தலையில் போட்டு, கண்ணை மூடி, தன் உடம்பால் கழுத்தை அமத்திக்கொண்டு படுத்துவிட்டார். இருட்டினதும் அது அடங்கியது. நான் நம்பவில்லை, ஆனால் அடங்கியது.

"கத்தி எங்க, மாமி?"

"குசினியில. பொறுங்கோ."

என் வயதில் நான் ஓடின ஓட்டத்தை ஒருவரும் பார்க்காதது நல்லது. மீன் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாயைச் சுற்றியிருந்ததை முதலில் அறுத்தார். பிறகு கழுத்து, பிறகு ஒரு கொம்பு. கைமுழுக்கக் கீறல். மான் மூச்சு விடுகிற சத்தமும் அவர் மூச்சு விடுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டது. நான் பக்கத்தில் நின்று ஏசிக்கொண்டே இருந்தேன். என்ன ஏசினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பிறகு அவர் சொன்னார், கடைசியில் நான் மானையல்ல, தன்னைத்தான் ஏசினேன் என்று. செருமினதைப் பற்றி ஏதோ சொன்னேனாம்.

மற்றக் கொம்பை அறுக்குமுன் அது எழும்பிவிட்டது. அவரைத் தள்ளிவிட்டு, என் சேலையையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனது. சேலை முகப்பில், பிள்ளையார் வாசலில் விழுந்து கிடந்தது. கொம்பு குத்தின இடத்தில் ஒரு கிழிசல். மானின் கொம்பு நுனியில் பச்சை வலை ஒரு துண்டு மாட்டிக்கொண்டு போய்விட்டது.

மருமகன் மண்ணில் இருந்தபடி சொன்னார், "அது பரவாயில்லை. வாய் திறந்திருக்கு. கொம்பு விழேக்கை அதுவும் விழும்."

"கொம்பு விழுமோ?"

"விழும் மாமி. விழுந்து திரும்ப முளைக்கும். உங்களுக்குத் தெரியாதே?"

இத்தனை வருடம் மானோடு இருந்த ஊரில் எனக்கு அது தெரியாது. ஏனென்றால் அவர் அதை வெளியூர்க்காரருக்குத்தான் சொல்லுவார். எனக்குச் சொல்ல வழி இருக்கவில்லை.

மத்தியானம் உத்தியோகத்தர் வந்தார்கள். கோட்டைக்குள் மான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, மருமகனின் கையைப் பார்த்து ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்ச வலையை அவரே சுருட்டி எரித்தார். நெருப்புப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்றோடு தோல் போடுவதையும் விட்டேன். காதறுந்தான் சில நாள் வந்தது. நான் ஏசினேன். கேட்டுக்கொண்டு நின்றது. தோல் வராததைக் கண்டு போய்விட்டது. பிறகு வருகிறது குறைந்தது. காலையில் விளக்குமாற்றோடு நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் வெறுமையாக இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

மகள் வந்தாள். அவள் வந்த அன்றே மருமகன் மேசையில், "மாமியிட்டச் சொல்லும், செவ்வரத்தையைச் சாடியில வச்சு மதிலுக்கு மேல ஏத்தலாம், நான் ஏத்தித் தாறன் எண்டு" என்றார். நான், "அவரிட்டச் சொல்லு, மதிலில ஆணி அடிக்காட்டிச் சரி எண்டு" என்றேன். இரண்டு பேருக்கும் அதுதான் சுகமாக இருந்தது. நடந்ததை மகளுக்கு அவர் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் சொன்னோம்.

தன்னோடு வருகிறவர்களுக்கும் அவர் இதைச் சொல்லத் தொடங்கினார். மதில் வளையத்தைக் காட்டி, கோட்டை ஆலமரத்தடியில் பச்சைத் துண்டோடு நிற்கிற மானைக் காட்டி, "அது எங்கட மாமியின்ர வலை" என்பாராம். என் வலை மானைப் பிடித்ததையும் சொல்லுவார், நான் ஏசி நிற்பாட்டி அதைக் காப்பாற்ற உதவினதையும் சொல்லுவார். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

சில மாதம் போனது. ஒரு காலை நாங்கள் மூவரும் மேசையில் இருந்தோம். மருமகன் விடியலில் கோட்டைக்குப் போய் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு கசங்கின பச்சைத் துண்டை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். கொம்பு விழுந்துவிட்டது. கொம்பை உத்தியோகத்தரிடம் ஒப்படைத்துவிட்டாராம், அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வலையை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"மாமி, உங்கட வலை," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மகள் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"மான் எப்பிடி இருக்கு?" என்று நான் அவரிடம் கேட்டேன்.

"மொட்டையா நிக்குது, மாமி. வெக்கத்தில ஆரையும் பாக்குதில்லை."

"பரவாயில்லை. முளைக்கும்," என்றேன். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

அவர் செருமவில்லை. "ஓம் மாமி," என்று வாயாலேயே சொன்னார்.